காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் இது உங்களுக்குப் பழக்கமான பேச்சுதான்: "நெட் போயிடுச்சு, கேம் ஓடல." நாமும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேம் என்றால் அது நியாயம். நெட் இல்லாமல் நண்பர்கள் எப்படி வருவார்கள்? ஆனால் பிள்ளை தனியாக, தன் கம்ப்யூட்டரில், யாரோடும் சேராமல் ஆடும் கேமும் ஏன் நிற்க வேண்டும்?

பல சமயம் காரணம் ஒன்றுதான். அந்த கேமுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி நம்மிடம் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. "இவர் காசு கொடுத்தவர்தானா?" என்று கேம் அந்த சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் கதவு திறக்காது. டிஆர்எம் என்று சொல்லப்படும் நகல் தடுப்புப் பூட்டுகளில், பிசி கேம் ஆடுபவர்கள் அதிகம் வெறுப்பது இந்த 'எப்போதும் ஆன்லைன்' வகையைத்தான்.

கேம் பைத்தியங்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு புது கேமுக்கு 90, 100 டாலர் என்று கார்டை நீட்டுவது நாம்தானே? 'வாங்குவது' என்றால் என்ன, 'சொந்தம்' என்றால் என்ன என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் நம்மிடம்தான். அதனால்தான் இதைப் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன். நான் கேம் தயாரிப்பவன் இல்லை. ஆனால் லாகின் சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தினசரி வேலை. அதனால் இந்தப் பூட்டின் உள்வேலை கொஞ்சம் தெரியும்.

பூட்டு எதுக்கு வந்தது?

கம்பெனிகள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். மேற்கு சிட்னியில் வளர்ந்த எங்களுக்கு, தமிழ்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த வீடியோ கேசட்டுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. படம் நகலின் நகல். நடுவில் திரை மங்கும், பாட்டு இழுக்கும். அந்தப் படத்தை எடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு காசும் போயிருக்காது. கேமிலும் அதே கதைதான். வருஷக்கணக்கில் பல நூறு பேர் உழைத்துச் செய்ததை ஒருத்தர் நகல் எடுத்து ஊருக்கே கொடுத்துவிடலாம். பெரிய கேம்களின் விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான் நடக்கும். அதுவரையாவது நகலைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

பழைய பூட்டுகள் எளிமையானவை. கேமோடு வந்த கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரியில் என்ன வார்த்தை என்று கேம் கேட்கும். அப்புறம் சிடி உள்ளே இருந்தால்தான் ஓடும் என்று வந்தது. இன்டர்நெட் பரவியதும் வாங்கியதை ஒருமுறை பதிவு செய்யும் முறை வந்தது. 2008-ல் வந்த ஸ்போர் என்ற கேமை முதலில் 3 கம்ப்யூட்டர்களில்தான் பதிவு செய்யலாம் என்று வைத்தார்கள். கோபப்பட்டவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்தார்கள். அத்தனைக்குப் பிறகும் அந்த கேமின் திருட்டு நகல் தாராளமாகச் சுற்றியது.

மூன்று கேம், மூன்று பாடம்

2010 மார்ச்சில் பிரான்ஸின் யூபிசாஃப்ட் கம்பெனி 'அசாசின்ஸ் க்ரீட் 2' கேமின் பிசி பதிப்பை வெளியிட்டது. ஒருவர் மட்டுமே ஆடும் கதை கேம். ஆனால் ஆடும் நேரம் முழுக்க நெட் இருந்தாக வேண்டும், இணைப்பு அறுந்தால் ஆட்டம் நிற்கும். வெளியான சில நாளிலேயே யாரோ அந்த சர்வர்களைத் தாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர் அந்த வார இறுதியில் கேமைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த விதியைக் கைவிட்டு, ஒருமுறை பதிவு செய்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டதாக 2012-ல் யூபிசாஃப்டே சொன்னது.

2012 மே 15 அன்று ப்ளிஸ்ஸார்ட் கம்பெனியின் 'டயாப்லோ 3' வந்தது. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்தவர்கள் ஆசையாக லாகின் செய்தால், திரையில் 'எரர் 37'. சர்வரில் கூட்டம், பிறகு வாருங்கள் என்று அர்த்தம். தனியாக ஆடுபவருக்கும் அதே வரிசைதான். அடுத்த வருஷம் அதே கேம் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கு வந்தபோது நெட் இல்லாமலே ஓடியது.

2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'சிம்சிட்டி'. ஊர் கட்டி ஆளும் கேம். எங்கள் தலைமுறை பழைய சிம்சிட்டியில் தண்ணீர்க் குழாய் போட்டே ராத்திரிகளைக் கழித்தது. புதியதற்கு எப்போதும் நெட் வேண்டும். வந்த வாரமே சர்வர்கள் படுத்துவிட்டன. அமேசான் அதன் டவுன்லோட் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. ஊரின் கணக்குகள் பலவும் சர்வரில் நடப்பதால் நெட் இல்லாமல் ஓட்டுவது லேசில் முடியாது என்றது கம்பெனி. சில நாளிலேயே ஒருவர் நிரலைக் கொஞ்சம் மாற்றி, நெட் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், கம்பெனியே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. 2015-ல் பின்லாந்தின் ஒரு சின்னக் குழு 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று தனியாக ஆடும் ஊர் கட்டும் கேமைக் கொண்டு வந்தது. நெட் இல்லாமலும் ஆடலாம். ஒரே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றன.

மூன்றிலும் மாட்டிக்கொண்டவர்கள் ஒரே கூட்டம்: கடையில் வரிசையில் நின்று காசு கொடுத்தவர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

பூட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. வாங்கியதும் ஒருமுறை மட்டும் சர்வரைக் கேட்பது ஒரு வகை. சில நாளுக்கொரு முறை கேட்பது இன்னொரு வகை. ஆடும் நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது மூன்றாவது. நான்காவது இன்னும் ஆழமானது. அதில் கேமின் ஒரு பகுதியே நம் கம்ப்யூட்டருக்கு வராது. டயாப்லோ 3-ல் எந்த அரக்கன் எங்கே வருவான், செத்தால் என்ன பொருள் விழும் என்பதையெல்லாம் சர்வர்தான் முடிவு செய்கிறது. பாதிச் சமையல் நம் அடுப்பில், பாதி அவர்கள் அடுப்பில் நடப்பது மாதிரி. இதை உடைத்து நகல் எடுப்பது ரொம்பக் கஷ்டம். அதனாலேயே கம்பெனிகளுக்கு இது பிடிக்கும்.

எங்கள் வேலையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நம் வீட்டு நெட், நடுவில் இருக்கும் இணைப்பு, லாகின் சர்வர், உரிமம் பார்க்கும் சர்வர், கேம் சர்வர் என்று ஐந்து கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 100 மணி நேரத்தில் 99 மணி நேரம் சரியாக இருந்தாலும், ஐந்தும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பது சுமார் 95 மணி நேரம்தான். மீதி 5 மணி நேரம் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த 5 மணி நேரம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும்.

இதில் தாக்குதல், கூட்டம் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2021 நவம்பரில் டெனுவோ என்ற பூட்டு போட்ட பல கேம்கள் திடீரென்று திறக்கவில்லை. பூட்டு கம்பெனியின் ஒரு டொமைன் முகவரி வேலை செய்யாமல் போனதுதான் காரணம். டெனுவோ ஆடும் நேரம் முழுக்க நெட் கேட்கும் வகைகூட இல்லை. அங்கேயே இந்தக் கதி. எங்கோ ஒரு முகவரி கவனிப்பில்லாமல் போனால், உலகம் முழுக்க வீடுகளில் கேம் நின்றுவிடுகிறது.

ஆச்சி வீட்டில் ஓடாத கேம்

போன டிசம்பர் லீவில் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். பிறந்தநாள் காசைச் சேர்த்து வாங்கிய கேமோடு மகள் லேப்டாப்பைத் தூக்கி வந்திருந்தாள். பதினொரு வயது. தனியாக ஆடும் கேம்தான். அந்த வீட்டில் செல்போன் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால். கேமைத் திறந்தாள். இணைப்பைச் சரிபார்க்கவும் என்று வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி அதே.

அடுத்த அறையில் என் அண்ணன் மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதே கேமை ஜாலியாக ஆடிக்கொண்டிருந்தான். கிராக் செய்த நகல். யாரோ நண்பன் பென் டிரைவில் கொடுத்ததாம். "ஐயாயிரம் ரூவா குடுத்து கேம் வாங்கித் தாங்கன்னா அப்பா அடிச்சே போடுவாவ, சித்தப்பா" என்று சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நான் காசு குடுத்தேன். அண்ணா குடுக்கல. ஆனா அண்ணாவோடது ஓடுது, என்னோடது ஓடல. அப்ப காசு குடுத்தது எதுக்கு?"

திருடக் கூடாது, உழைத்தவருக்குக் கூலி போக வேண்டும் என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அவளும் அதைத்தான் செய்தாள். ஆனால் அந்த ராத்திரி அவள் கண்ணால் பார்த்தது வேறு. நேர்மையாக நடந்தவளுக்குப் பூட்டு, நடக்காதவனுக்குத் திறந்த கதவு. நகலைத் தடுக்கப் போட்ட பூட்டு, நகல் எடுத்தவனைத் தொடவே இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் பெரிய நஷ்டம் டாலர் கணக்கில் இல்லை. நேர்மைக்கு மதிப்பு உண்டு என்று நாம் சொல்வதைப் பிள்ளை நம்பாமல் போனால், அதற்கு எந்தக் கம்பெனியும் ரீஃபண்ட் தராது.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: "காசு அந்த கேமைச் செஞ்சவங்களுக்குப் போச்சு, அது சரி. ஆனா வாங்கினவளை இப்படி நிக்க வைக்கறது தப்பு. அவங்க தப்பு செஞ்சா கேள்வி கேக்கணும், காசைத் திருப்பிக் கேக்கணும், அடுத்த தடவை வேற ஆள்கிட்ட வாங்கணும். பதிலுக்கு நாம திருடணும்னு ஆகாது." கூடவே இன்னொன்றும் சொன்னேன். கிராக் நகல்களோடு வைரஸும், பாஸ்வேர்டு திருடும் நிரல்களும் வருவது சகஜம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அண்ணனின் பேங்க் லாகினும் இருக்கிறது.

சர்வரை ஒரேயடியாக அணைத்துவிட்டால்?

நெட் போனால் திரும்பி வரும். சர்வர் ஒருமுறை மூடப்பட்டால் வராது. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் கேம் 2014-ல் வந்தது. அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றலாம், தனியாகவும் ஆடலாம். ஆனால் சர்வர் வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை அணைத்தார்கள். அன்றோடு அந்த கேம் யாருக்குமே இல்லை. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவரிடம் இருப்பது வெறும் பிளாஸ்டிக் தட்டு. சமீபத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது.

இதில் கொதித்துப் போன ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் 'கேம்களைக் கொல்லாதே' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரைக் காலம் முழுக்க ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர் தானே ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. பிரிட்டனில் 1 லட்சத்தைத் தாண்டியது, ஆனால் சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்று அந்த அரசு பதில் சொல்லியிருந்தது. சத்தம் போட்டதற்குப் பலன் இல்லாமலும் இல்லை. 'தி க்ரூ 2' கேமுக்கு யூபிசாஃப்ட் 2025-ல் ஆஃப்லைன் வசதி கொடுத்தது. அதற்கு முன்பே, 2013-ல், எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்க்கும் என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், எதிர்ப்பைப் பார்த்துவிட்டு சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டது.

'வாங்கு' என்ற பொத்தான்

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக் கூடாது. பிசி கேம்களின் மிகப் பெரிய கடையான ஸ்டீம், பணம் கட்டும் பக்கத்திலேயே இப்போது அப்படி ஒரு வரியைக் காட்டுகிறது. பூட்டை இந்தச் சட்டம் எடுத்துவிடவில்லை. ஆனால் பூட்டு இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பலம் உண்டு. இங்கே நுகர்வோர் சட்டத்தில் கம்ப்யூட்டர் மென்பொருளும் ஒரு பொருள்தான். பணம் திரும்பத் தர மாட்டோம் என்று ஸ்டீமின் கம்பெனியான வால்வ் சொல்லிவந்தது. நுகர்வோர் ஆணையம் வழக்கு போட, 2016-ல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இது கேமோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் காணாமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், புத்தகத்தைத் தரவில்லை. அப்பாவின் பாட்டு கேசட்டுகள் நம்மிடம் வந்தன. நம் ஸ்டீம் கணக்கு பிள்ளைக்குப் போகாது. கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தர விதியில் இடமில்லை.

வாங்குவதற்கு முன்

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை இவை. ஒன்றும் பெரிய வேலை இல்லை.

1. ஸ்டீமில் கேமின் பக்கத்தில் வலது ஓரத்தைப் பாருங்கள். வெளிப் பூட்டு, தனி லாகின் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். 'ஒருவர் ஆடுவது' என்று போட்டிருப்பதால் மட்டும் நெட் வேண்டாம் என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் பிசிகேமிங்விக்கி தளத்தில் எந்த கேமில் என்ன பூட்டு என்ற விவரம் கிடைக்கும்.

2. வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, வைஃபையை அணைத்து, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். ஸ்டீமில் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பத்து நிமிஷ சோதனை அதற்குள் முடிந்துவிடும்.

3. அதே கேம் ஜி.ஓ.ஜி. கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2008-ல் போலந்தில் தொடங்கிய இந்தக் கடை பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இன்ஸ்டாலரை டவுன்லோட் செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால் அது உங்களிடமே இருக்கும். பூட்டு இல்லாவிட்டால் விற்காது என்ற பேச்சும் சரியில்லை. ஒரே ஆள் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட பண்ணை கேம் 'ஸ்டார்டியூ வேலி' அங்கே பூட்டில்லாமல் கிடைக்கிறது. எல்லாக் கடையும் சேர்த்து 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

4. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நெட் இருக்கும்போதே கேம்களை அப்டேட் செய்து, ஒருமுறை திறந்து பார்த்து, ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி வையுங்கள்.

5. கேம் பிடித்திருந்தும் பூட்டு பிடிக்கவில்லை என்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும்போது காரணத்தை எழுதுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளராக மரியாதையோடு கேள்வி கேட்பதும் ஒரு படிப்புதான்.

நண்பர்களோடு ஆடும் கேம்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அவற்றுக்கு சர்வர் உண்மையிலேயே வேண்டும், என்றாவது ஒருநாள் அது மூடப்படும். அதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. சினிமா டிக்கெட் மாதிரி, பார்த்த வரைக்கும் லாபம். டிக்கெட்டை டிக்கெட் என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தம் இல்லை. வீட்டுப் பத்திரம் என்று சொல்லி டிக்கெட்டைக் கையில் கொடுப்பதுதான் பிரச்சினை.

அடுத்த தடவை பிள்ளை கார்டைக் கேட்டு வரும்போது, எவ்வளவு விலை, எந்த வயதுக்கானது என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இது நெட் இல்லாம ஓடுமா?" பதில் தெரியாவிட்டால் அவர்களே தேடிக் கண்டுபிடித்து வந்து சொல்லட்டும். அதுவரை கார்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.